ஏழாவது டெட்டனேட்டர்

ஈ காக்கா அண்டாத வெடிமருந்துக் கிடங்கு அது. குவாரியில் மீந்த டெட்டனேட்டர்களைத் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றிலும் பொறித்த எண்ணைப் பதிவேட்டோடு சரிபார்த்து, பெட்டியில் வைத்துக் கதவைப் பூட்டுவது அவள் வேலை. தீவிரவாதிகள் கையில் ஒன்றுகூடச் சிக்கக்கூடாதென்று அரசாங்க உத்தரவு.

சோதனைக்கு வந்த அதிகாரி சிரித்தார். "எல்லா இடத்துலயும் குறையும். இங்க ஆறு கூடுதலா இருக்கேம்மா, குட்டி போடுதா?"

பிறகு அந்த ஆறின் எண்களைப் பதிவேட்டில் தேடிப் பார்த்தார். "இதெல்லாம் போன மாசமே வெடிச்சதா எழுதியிருக்கீங்க?"

"வெடிச்சதுதான் சார். எங்க வீட்டுக்காரர் அதுலதான் போனாரு. ஏழு எடுத்துட்டுப் போனாரு. ஆறு நாளா தினம் ஒண்ணு பெட்டிக்குள்ள திரும்பி வந்திருக்கு."

அதிகாரி எதுவும் எழுதாமல் ஆறையும் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பெட்டிக்குள் ஏழாவது வந்திருக்கவில்லை. மாலையில் அவள் பதிவேட்டைத் திறந்து, கணவர் பெயருக்கு நேரே, திருப்பித் தருபவர் கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவைத் திறந்து வைத்தாள். கதவைப் பூட்டாமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.