ஓய்வு பெற்ற கோழிகளுக்கு இடமில்லை

"உழைப்புதான் இங்கிலாந்தை உலகத்தின் உச்சியில் உட்கார வைத்தது" என்று முழங்கினார் கிளைவ். பேச்சு மூன்று கிழட்டுக் கோழிகளைப் பற்றியது.

பண்ணையில் முட்டை குறைந்ததால் கழிக்கப்பட்டவை. யாரும் தத்தெடுக்காவிட்டால் நாளைக்கு வெட்டிவிடுவார்கள். அவற்றுக்கு வீடு தேடி அலையும் ஹேசல் வாசலில் நின்றிருந்தாள்.

"எடுத்துக்கலாமே, கிளைவ். நம்ம நாலோட அதுங்களும் இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மனைவி மேவிஸ்.

"என் தோட்டம் என்ன முதியோர் இல்லமா? இங்க முட்டை நின்னா நேரா சட்டிதான். அந்தப் பயத்துலதான் என் கோழிங்க ஏழு வயசுலயும் தினம் நாலு போடுது!"

"ஏழு வயசுலயா?" என்றாள் ஹேசல்.

"கட்டுப்பாடும்மா! தினம் மேவிஸ்தான் கூண்டுலேர்ந்து எடுத்துட்டு வர்றா. இந்தா, இன்னைக்குப் போட்டது."

மேவிஸ் பாய்ந்து தடுப்பதற்குள், கூடையிலிருந்த முட்டை ஒன்றை எடுத்து நீட்டிவிட்டார்.

ஹேசல் அதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேவிஸைப் பார்த்தாள்.

"உங்க கைக்கு வந்தா இந்த மூணும் போட ஆரம்பிச்சிடும் சார்."

"நாளைக்கே போடும்" என்றாள் மேவிஸ்.

கிளைவ் மீசையைத் தடவிக்கொண்டு, ஹேசல் நீட்டிய தத்தெடுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

மேவிஸ் அவசரத்தில் துடைக்க மறந்த அந்த முட்டையில், 'இருபதாம் தேதிக்குள் சாப்பிடவும்' என்று கடை முத்திரை சிவப்பாக இருந்தது.