நக்கி முடிக்கும் வரை
மணலி புதுநகர்ச் சாலையின் நடுவே சிவப்புச் செம்மறி ஒன்று இப்போதுதான் குட்டி போட்டிருக்கிறது. மந்தையை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, ஆட்டுக்காரி வேம்பு, கையிலிருந்த கழியைக் குறுக்கே பிடித்தபடி கன்டெய்னர் லாரிக்கு முன்னால் நிற்கிறாள். பின்னால் வரிசையாக ஹாரன்கள் அலறுகின்றன. "குட்டியத் தூக்கினு ஓரமாப் போயேம்மா, பேஜாரு பண்ணாத!" டிரைவர் தலையை நீட்டிக் கத்துகிறார். "நான் தொட்டா என் வாசம் ஒட்டிக்கும் நைனா. அப்பால தாயி இத்த சேத்துக்காது, பாலும் தராது. நக்கி முடிக்கட்டும்." எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் நெடி மண்டிய காற்றில், தாய் குட்டியின் ஈர முதுகில் மூக்கைப் புதைத்து முகர்ந்து முகர்ந்து நக்குகிறது. குட்டி எழுகிறது, விழுகிறது. தூக்கிவிடக் குனிந்த வேம்பு, நிமிர்ந்து கழியை இறுக்கிக்கொள்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் இன்ஜினை அணைக்கிறார். பின்னால் ஹாரன்களும் ஒவ்வொன்றாக அடங்க, குட்டியின் மெல்லிய குரல் சாலை முழுக்கக் கேட்கிறது. குட்டி கால் ஊன்றி நின்றுவிடுகிறது. "எழுந்துக்கிச்சே, வழி வுடு!" என்கிறார் டிரைவர். வேம்பு கழியை இறக்கவில்லை. "இரு நைனா, இன்னும் பாலு குடிக்கல."