நனையாத பை

"தம்பியை விட்டுட்டுப் பையைப் பிடிச்ச மகராசன் வந்து நிக்கிறார், பாரு."

கீழ்வீட்டுக்காரி யாரிடமோ முணுமுணுத்தது, மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தவள் காதில் விழுந்தது. அவள் மறுத்து எதுவும் சொல்லவில்லை. பொய்யாக இருந்தால்தானே மறுக்க?

வாசலில் காரோடு நின்றவர் அவள் கணவனின் அண்ணன். தம்பி இறந்த அன்று, துக்கத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் அவரே தன் வாயால் சொல்லியிருந்தார்.

"கயாக் படகு கவுந்துச்சு. பை மிதந்து போகுதேன்னு நான் அதைப் பிடிக்கப் போனேன். அதுக்குள்ள தம்பியைச் சுழல் இழுத்துடுச்சு."

அன்றிலிருந்து அவள் அவருக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அவள் கையிலிருந்த அந்தப் பைக்கு அவர் கை நீட்டினார்.

"படகு கிளப்புக்காரங்க பைதானே? நானே குடுத்துட்டு வந்துடறேம்மா. நீ எதுக்கு அங்கெல்லாம்..."

"நான் குடுத்துக்கறேன்."

பின் சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். வழியெல்லாம் மழை மட்டும் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது.

படகுத்துறை அறையில் பயிற்சியாளர் பையின் வாயைப் பிரித்தார். உள்ளே கேமரா. கல்யாண நாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்தது.

"தம்பி நல்லா சுருட்டித்தான் பூட்டியிருக்கார். ஒரு சொட்டு இறங்கல, பாருங்க. ஆனா இந்தக் கொக்கியைப் படகுல மாட்ட மறந்துட்டார். புதுசா வர்றவங்க எல்லாரும் மறக்கறதுதான்."

"அதான் எங்க பெரியவர் பத்திரமா காப்பாத்திட்டாரே. பையை."

பயிற்சியாளர் நிமிர்ந்தார்.

"யாரு, அண்ணனா? அவர் எங்க பையைத் தொட்டார்? நான் பின்னாடி படகுலதானே இருந்தேன். தம்பிதான் படகை விட்டுட்டுப் பை பின்னாடியே நீந்தினார். 'போனா போகுது, விடுடா'ன்னு அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். தம்பி கேட்டாத்தானே? 'கேமரா நனைஞ்சா அவ என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டா'ன்னு சிரிச்சுக்கிட்டே போனார்."

அவள் கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுத்தாள்.

"அப்புறம் பையை எடுத்து அண்ணன்கிட்ட குடுத்ததே நாங்கதான். நீங்க... தங்கச்சிங்களா?"

அவள் கேமராவோடு வெளியே வந்தாள்.

அவர் குடைகூட இல்லாமல் காருக்கு வெளியே நனைந்தபடி நின்றிருந்தார். அவள் முகத்தையே பார்த்தார்.

"ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"ஒண்ணும் சொல்லல மாமா. பையை வாங்கி வச்சுக்கிட்டாங்க."

அவர் மூச்சை விட்டு, வழக்கம்போல் பின் கதவைத் திறந்து பிடித்தார்.

அவள் அதைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.