காற்று தணியும்

"மெஷின் பண்ற தப்பு இல்லைங்க இது. யாரோ வேணும்னே பண்றாங்க."

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள் அவள். படகுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் சிரித்தான்.

"சந்தேகப்படறதுக்குச் சம்பளம் குடுக்கிற ஒரே ஆபீஸ் உன்னோடதுதான். யாரோட வேணா சண்டை போடு, அறிவிப்பை மட்டும் சீக்கிரம் விடச் சொல்லு. அதைக் கேட்காம இங்க ஒருத்தனும் கயித்தை அவுக்க மாட்டான்."

துறைமுக வானிலை அலுவலகத்தில் அவள் சரிபார்ப்பாளர். காற்று, அலை, மழை எல்லாம் எண்களாக ஓர் அட்டவணையில் வரும். மெஷின் அதைப் படகுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி நாலு வரியில் எழுதித் தரும். ஆரம்பத்தில் அது வாய்க்கு வந்ததை அளந்துவிட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கடிவாளம் போட்டார்கள். எழுதும் ஒவ்வொரு வரியும் அட்டவணையின் எந்தக் கட்டத்திலிருந்து வந்தது என்று பக்கத்திலேயே காட்ட வேண்டும். காட்ட முடியாத வரி தானாக விழுந்துவிடும். அதோடு தப்பு அடியோடு நின்றுவிட்டது என்று சொல்லித்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள்.

அவள் வந்த பிறகு பார்த்தால், வடக்குக் காற்று தெற்காகிறது. ஒரு மீட்டர் அலை மூன்று மீட்டராகிறது. அறிவிப்புக்கு ஒரு தப்பு, அதற்கு மேல் கிடையாது. அதுவும் மேலாளர் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும் நாட்களில் மட்டும். ஆள் பார்த்துத் தப்புப் பண்ண மெஷினுக்குத் தெரியுமா? தன்னைக் கவனம் இல்லாதவள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பத்தான் இந்தக் கூத்து என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

இன்றும் மேலாளர் முன்னதாகவே வந்திருந்தார்.

"வாம்மா. அறிவிப்பு ரெடியா இருக்கு. பார்த்துட்டுச் சொல்லு, படகெல்லாம் காத்துக்கிட்டு நிக்குது."

படித்துக்கொண்டே வந்தவள் மூன்றாவது வரியில் நின்றாள். 'மதியத்துக்குப் பிறகு காற்று தணியும்.' அட்டவணையில் காலைக் காற்று மணிக்கு இருபது கிலோமீட்டர். மதியத்துக்குப் பிறகு ஐம்பது. கட்டங்களைச் சரியாகத்தான் காட்டியிருந்தது. சொல்லியிருந்ததுதான் தலைகீழ்.

என்னைத் துரத்த இவ்வளவு தூரம் போவாரா இந்த மனுஷன்?

மற்ற நாளாக இருந்தால் திருத்திவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பாள். இன்று திருத்தவில்லை. அறிவிப்பை அனுப்பும் கடைசிப் பொத்தான் மேலாளர் மேசையில்தான் இருக்கிறது. தப்பை வைத்தவருக்குத் தெரியாதா, எங்கே வைத்தோம் என்று? அனுப்பப் போகிற கை எப்படியும் நின்றுதானே ஆக வேண்டும். அப்போது கையும் களவுமாகப் பிடித்துக்கொள்ளலாம்.

'சரி' என்று அழுத்திவிட்டு எழுந்து, அவர் மேசை அருகே போய் நின்றாள்.

"எல்லாம் சரியா இருக்காம்மா?"

"நீங்களே ஒரு தடவை பார்த்துடுங்களேன் சார்."

"உன் கண்ணுக்குத் தப்பினது என் கண்ணுக்கா தெரியப்போகுது!"

பொத்தானை அழுத்திவிட்டார்.

அவள் பதறிப்போனாள்.

"சார், போதும் சார்! இத்தனை நாளா தப்பு வைக்கிறது நீங்கதானே?"

அவர் அசரவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"பரவாயில்லையே, பிடிச்சிட்டியே! ஆமா, நான்தான். மெஷின் தப்பே பண்றதில்லைன்னு ஆனதும், உனக்கு முன்னாடி இருந்தவர் படிக்கிறதையே விட்டுட்டார். கண்ணை மூடிக்கிட்டு 'சரி' அழுத்திக்கிட்டிருந்தார். நீயும் அப்படி ஆயிடக் கூடாதேன்னு அப்பப்ப நானே ஒண்ணை நுழைப்பேன். நீ விட்டாலும், அனுப்பறதுக்கு முன்னாடி நான் எடுத்துட மாட்டேனா?"

"அப்ப இன்னைக்கு ஏன் சார் எடுக்கல? காத்து தணியும்னு போயிடுச்சே!"

ஜன்னலுக்கு வெளியே ஒலிபெருக்கி அறிவிப்பைப் படித்து முடித்திருந்தது. படகுகள் ஒவ்வொன்றாகக் கரையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தன.

மேலாளரின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"இன்னைக்கு நான் எதையும் நுழைக்கலையேம்மா..."