உதைக்காத துப்பாக்கி

மூன்றாவது துப்பாக்கியும் ஜெனிபரின் தோளில் ஓங்கி உதைத்தது. ஆகாயத்தில் பறந்த களிமண் தட்டு தூள்தூளாகச் சிதறியதைக் கண்டு முதலாளி துளசிராமன் கைதட்டினார். அவளோ உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லும்மா. இதுல இன்னா கூச்சம்? தோள்ல இடிக்கிறத நான் வாங்கவே மாட்டேன்."

"இது ரொம்ப இடிக்குது சார். கன்னத்துலயும் படுது."

"கேட்டீங்கல்ல? எடுத்து உள்ள வைங்க" என்றார் அவர், அருகில் நின்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம்.

கும்மிடிப்பூண்டியில் துளசிராமனுக்குச் சொந்தமான இரும்பு உருக்காலையில் கிரேன் ஓட்டுபவர், ஜெனிபரின் தந்தை தாவீது. துப்பாக்கி சுடும் போட்டியில் வென்ற பதக்கத்தோடு அவள் நிற்கும் படம் செய்தித்தாளில் வெளிவந்ததும் முதலாளி அவரைத் தம் அறைக்கு அழைத்து, "ஞாயித்துக்கிழம உன் பொண்ண ரேஞ்சுக்குக் கூட்டிக்கினு வா தாவீது. தோள் வலிக்காத துப்பாக்கியா ஒண்ணு வாங்கலாம்னு கீறேன். அவளே சுட்டுப் பாத்துச் சொல்லட்டும்" என்றார்.

அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டுதான் தாவீதின் வீட்டில் அதன் பிறகு அடுப்பே எரிந்தது. பயிற்சிக் கழகம் இரவல் தரும் பழைய துப்பாக்கி உதைத்து உதைத்து, ஜெனிபரின் தோளெலும்பில் விரிசல் விழுந்திருந்தது. இனியும் அதைத் தொட்டால் பந்தயத்தை மட்டுமன்று, பளுவான குடத்தைத் தூக்குவதையும் மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அடுத்த மாதம் மாநில அணிக்கான தேர்வுப் போட்டி. அதில் வென்றால் விளையாட்டு வீரர்களுக்கான ரயில்வே வேலைக்கு விண்ணப்பிக்கலாம். உதைக்காத துப்பாக்கி கைக்கு வரவில்லையென்றால் தேர்வும் இல்லை, வேலையும் இல்லை.

"நைனா, தோளு நெருப்பா எரியுதுபா" என்றாள் அவள், தந்தைக்கு மட்டும் கேட்கும்படி.

"இன்னும் ஒண்ணுதான் கீது ஜெனி, பொறுத்துக்க. கர்த்தரே கண்ணத் தொறந்து பாக்க சொல்லோ நீ மூஞ்சத் திருப்பிக்காத."

கடைக்காரர் நான்காவது துப்பாக்கியை எடுத்து நீட்டினார். "இது கொஞ்சம் வெயிட்டு. வெடிக்கிற வேகத்துல பாதிய துப்பாக்கியே முழுங்கிடும்மா. கட்டைக்குப் பின்னால ரப்பர் மெத்தையும் கீது."

ஜெனிபர் அதன் கட்டையைத் தோளில் பொருத்திக்கொண்டு, "விடுங்க" என்று குரல் கொடுத்தாள். தட்டு எழுந்தது, துப்பாக்கி வெடித்தது, தட்டு சிதறியது. யாரோ உள்ளங்கையால் மெல்லத் தள்ளியதுபோல் இருந்தது, அவ்வளவுதான். அடுத்த தட்டும் சிதறியது. அதற்கடுத்ததும் சிதறியது. வரப்போகும் வலிக்கு அஞ்சி முன்கூட்டியே சுருங்கிவிடும் அவளுடைய இமைகள், பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அசையாமல் நின்றன.

"இதான் சார்!"

"நல்லா யோசிச்சு சொல்லு. பொழுதுக்கும் சுட்டாக்கூட வலிக்காதா?"

"வலிக்காது சார். என் தோளு இருக்கிற இருப்புக்கே இது பூ மாதிரி கீது. கட்டை மட்டும் எனக்குக் கொஞ்சம் நீளம் சார். பின்னால ஒரு இஞ்ச் அறுத்துட்டா கரெக்டா உக்காந்துக்கும்."

கடைக்காரர் அளவு நாடாவை எடுத்தார். துளசிராமன் கையமர்த்தினார்.

"அறுக்காதீங்க. நீளம் அப்படியே இருக்கட்டும்."

ஜெனிபர் குழப்பத்துடன் தந்தையைப் பார்த்தாள். தாவீதுக்கோ எந்தக் குழப்பமும் இல்லை.

"மொதலாளி சொல்றதுதான் சரி. உனக்கு ஸ்கூல் யூனிபாரம் எடுக்க சொல்லோ எப்பவும் ஒரு சைஸ் பெருசாதான எடுப்பேன்? அப்டிதான் இதுவும். வளர்ற பொண்ணு நீ."

"எனக்கு இருவது வயசு ஆவுது நைனா. இனிமே எங்க வளர்றது?"

"மிச்சம் வெக்காம சோறு துன்னு, வளர்வே."

எரிச்சலையும் மீறி அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒருவர் மனமுவந்து கொடுப்பதை அளந்து பார்க்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. பாவாடையும் செருப்பும் பெரிதாகவே வாங்கிப் பழகியவர்களுக்குத் துப்பாக்கி ஓரங்குலம் பெரிதாக இருந்தது ஒரு குறையாகவே தோன்றவில்லை. கட்டையின் நுனியில் துணியைச் சுற்றிப் பிடித்துப் பழகிக்கொள்ளலாம் என்று அவள் மனத்துக்குள் திட்டமிடவும் தொடங்கிவிட்டாள்.

கடைக்காரர் துப்பாக்கியைத் துடைத்து, பட்டு விரித்த பெட்டியில் கிடத்தி மூடினார். ஜெனிபரின் தோள் அதற்குள் சட்டையை இறுக்கும் அளவுக்கு வீங்கிவிட்டது. இனிமேல் அது ஆறிவிடும் என்ற நிம்மதியில் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. தாவீது தம் உள்ளங்கைகளைக் காற்சட்டையில் தேய்த்துத் துடைத்துவிட்டு, பெட்டியை வாங்கிக்கொள்ள இரு கைகளையும் நீட்டினார். கண்கள் கலங்கியிருந்ததால் முதலாளியின் முகம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"வண்டில பின்சீட்டுல வை தாவீது. கீறல் விழாம பாத்து வை" என்று சொல்லிவிட்டு, துளசிராமன் கைப்பேசியைக் காதில் வைத்தார்.

"ரம்யா கண்ணு, அப்பா பேசறேன், உனக்கு வலிக்காத துப்பாக்கி கெடச்சிடுச்சு, அடியெல்லாம் நம்ம தாவீது பொண்ணே வாங்கிப் பாத்துட்டா!"