பொட்டு வைத்த பிஸ்டல்

ஆயுத பூஜையன்று கௌரிசங்கர் தன் கைத்துப்பாக்கிக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார்.

"ஏங்க, கார் சாவி, லேப்டாப், மிக்ஸி எல்லாம் வெச்சாச்சு. இதையும் வெக்கணுமா?" என்றாள் பத்மா.

"ஆயுத பூஜைன்னு பேர வெச்சுக்கிட்டு எல்லாரும் மிக்ஸிக்குப் பொட்டு வெக்கிறாங்க. வெள்ளைக்காரன் ஊர்ல, இந்த செவன் ஹில்ஸ்லயே நிஜ ஆயுதத்துக்குப் பூஜை பண்றவன் நான் ஒருத்தன்தான். பேசாம இரு."

கிளப்பில் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, அட்டையில் போட்ட வட்டத்தைச் சுடுவதற்காக அவர் வாங்கிய பாயிண்ட் டூ டூ பிஸ்டல் அது. அவரால் அந்த வட்டத்துக்கு இதுவரை பெரிய ஆபத்து எதுவும் வந்ததில்லை.

குறி தப்புவது தன்னால்தான் என்று மனுஷனுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. கைப்பிடி சரியில்லை என்று ஜெர்மனியிலிருந்து வால்நட் மரக் கைப்பிடி வரவழைத்தார். அப்புறம், குறி பார்க்க வசதியாகச் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் கண்ணாடி. அப்புறம், உதைப்பைக் குறைக்கக் குழல் முனையில் ஒரு காம்பன்சேட்டர். இந்தக் குட்டித் துப்பாக்கிக்கு உதைப்பென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை என்று கிளப்பில் சொன்னார்கள்.

"அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றார்.

இப்போது துப்பாக்கி கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்துக்கொண்டு நிற்கிறது. வட்டம் சௌக்கியமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் தவம் என்பவர் வாடகைக்கு வீடு கேட்டு வந்தார். மனைவி நிரஞ்சினியும் சின்னப் பெண்ணும் கூட வந்தார்கள். கௌரிசங்கர் வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கட்டியிருந்த சின்ன வீடு, கிரானி ஃப்ளாட், காலியாக இருப்பதாகக் கோயிலில் யாரோ சொன்னார்களாம்.

"இப்ப இருக்கிற வீட்டை விக்கினம் அண்ணை. மாசக் கடைசிக்குள்ள எழும்பச் சொல்லிட்டினம். டெம்பரரி விசா எண்டதும் ஒருத்தரும் வீடு தருகினமில்லை."

"அகதியாப் படகுல வந்தவங்களா?" என்று கேட்டார் கௌரிசங்கர்.

"ஓம் அண்ணை. இங்க ஒரு பேக்கரியிலை வேலை."

ஃப்ளாட்டைக் காட்டியபோது நிரஞ்சினி சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்தாள். "நல்ல வெளிச்சம்" என்றாள். குழந்தை தன் பொம்மை எந்த மூலையில் தூங்கும் என்பதையே முடிவு செய்துவிட்டது. பத்மாவுக்கு அப்போதே மனசு இளகிப்போனது. உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்துச் சுண்டல் கொடுத்தாள்.

கௌரிசங்கருக்கோ காட்டுவதற்கு ஆள் கிடைத்தால் போதும். பூஜைத் தட்டிலிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"பாருங்க தவம், ரிம்ஃபயர். பயப்படாதீங்க, குண்டு தனியாப் பெட்டியில பூட்டியிருக்கு. இந்த கிரிப் ஜெர்மனி. சும்மா பிடிச்சுப் பாருங்க. உங்களுக்குத் தெரியாததா!" என்று கண்ணடித்தார்.

தவம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எனக்கு உந்தத் துவக்கெல்லாம் பிடிக்கத் தெரியாது அண்ணை. நான் ஊரிலையும் பாண் போட்டனான்."

நிரஞ்சினி குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் சுண்டலை யாரும் தொடவில்லை. "போட்டு வாறம்" என்று எழுந்துவிட்டார்கள்.

கதவைச் சாத்திவிட்டு வந்த பத்மா, "பாவம்ங்க, அவங்களுக்கே குடுத்துடலாம்" என்றாள்.

"மூஞ்சியப் பாத்தியா நீ? துப்பாக்கியப் பாத்ததும் அப்படியே வெளுத்துடுச்சு. கண்டிப்பா அது துப்பாக்கி பிடிச்ச கைதான்."

"ரொட்டி போட்டேன்னுதானே சொன்னார்?"

"பின்ன, வேற என்ன சொல்லுவான்? வயசுப் பொண்ணு இருக்கிற வீடு. துப்பாக்கி தூக்கினவனக் கொல்லைப்புறத்துல வெச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்க முடியுமா?" என்று கேட்டுக்கொண்டே, ரெட் டாட் கண்ணாடியில் அப்பியிருந்த குங்குமத்தைத் துடைத்தார்.

சோபாவில் படுத்திருந்த மகள் வர்ஷா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, ஆர் யூ சீரியஸ்?"

"நீ படிக்கிற வேலையப் பாரு."

என்ன இருந்தாலும் கௌரிசங்கர் நாகரிகம் தெரிந்தவர். முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல மாட்டார். "சென்னையிலேர்ந்து மச்சான் வர்றான், ஃப்ளாட் அவனுக்கு வேணும்னு சொல்லிடலாம். பாவம், அவங்க மனசு நோகக் கூடாது பாரு" என்றார். அந்தப் பொய்யைக் குரலில் வருத்தம் சேர்த்து ஒரு தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை தவத்தின் போன் வந்தது. கௌரிசங்கர் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கையெல்லாம் பிசுக்கு. வர்ஷாவை ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"தவம், நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஒரு சின்னச் சங்கடம்..."

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ, முதல்ல நான் சொல்லிப்போடுறன். உங்கட வீடு எங்களுக்கு வேண்டாம்."

கௌரிசங்கருக்கு மச்சான் மறந்துபோனான். "ஏன்? வேற இடம் கிடைச்சிடுச்சா?"

"இல்லை அண்ணை, ஒண்டும் சரிவரேல்லை. உங்கட வீடு நல்ல வீடு. அக்காவும் நல்ல மனுசி. ஆனா நிரஞ்சினி இரவு முழுக்க நித்திரை கொள்ளேல்லை."

"எதுக்கு?"

பத்மாவும் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"துவக்குக்குப் பயந்துதான் அண்ணை நாங்கள் படகேறினனாங்கள். துவக்கு இருக்கிற வீட்டிலை பிள்ளையை வளர்க்கேலாது."