தட்டினால் போதும்

ஃபிராங்க்ளினுக்கு இடது கை சும்மா இல்லை. வலது கை விரலால் லேப்டாப்பின் டச்பேடை அழுத்தி அழுத்தி எரிச்சல் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் கடை ஜெயகணேஷுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

“அண்ணாச்சி, இந்த லினக்ஸ்ல லேசா தட்டினா கிளிக் ஆவ மாட்டேங்கு.”

“செட்டிங்ஸ்ல டச்பேடுக்குப் போ. ‘தட்டினால் கிளிக்’னு இருக்கும். ஆன் பண்ணு.”

பண்ணினான். மூலையிலிருந்த பெருக்கல் குறியை லேசாகத் தட்டினான். செட்டிங்ஸ் மூடிக்கொண்டது. அம்பு அங்கேயே நின்றது.

“பூ மாதிரி வேலை செய்யுது அண்ணாச்சி. மச்சான் ஏன் இதை ஆஃப் பண்ணி வச்சிருந்தாவளோ.”

“மச்சானா? ஏலே, அது கிளாட்வின் லேப்டாப்பா? ஆஃப் பண்ணிக் கொடுத்ததே நான்தான். தண்ணி பட்டா அதையும் விரல்னு நெனச்சிரும். உடனே ஆஃப் பண்ணுலே.”

அதற்குள் அலை ஒன்று வள்ளத்தில் மோதித் தெறித்தது. டச்பேடில் ஒரு சொட்டு விழுந்தது. செட்டிங்ஸுக்குப் பின்னால் திறந்திருந்த திரையில், அம்பு நின்ற இடத்தில் ‘மோட்டார் நிறுத்து’ என்றிருந்தது.

கடலடிக்குக் காற்று அனுப்பிக்கொண்டிருந்த மோட்டார் அடங்கியது.

அந்தக் கரையில் சங்கு குளிக்க இறங்குகிறவன், தன் கயிற்றை மனைவியின் தம்பி கையில்தான் கொடுப்பான். அக்காள் தாலியை அவன் அறுக்க மாட்டான் என்ற நம்பிக்கை.

ஃபிராங்க்ளினின் இடது கையில் கயிறு இரண்டு முறை வெட்டி இழுத்தது.